ஒரு சிக்னல், மூன்று வண்டிகள், ஒரே ஒரு இடி: சின்ன விபத்துக்குப் பிறகு என்ன செய்தோம்

சென்னை நூறடி சாலையில், கோயம்பேட்டிலிருந்து வடபழனி நோக்கி வரும் பக்கம், மாலை ஏழு மணி சுமாருக்கு நடந்தது. சிக்னலில் முதலில் ஒரு ஸ்கூட்டர், அதற்குப் பின்னால் என் சித்தப்பாவின் கார், அதற்கும் பின்னால் ஒரு கால் டாக்ஸி. மஞ்சள் விழுந்ததும் ஸ்கூட்டர் நின்றது, சித்தப்பாவும் நின்றுவிட்டார், டாக்ஸி நிற்கவில்லை. பின்னாலிருந்து வந்த இடியில் சித்தப்பாவின் கார் முன்னால் தள்ளப்பட்டு ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் போய் முட்டியது. ஸ்கூட்டரில் இருந்த ஒரு அம்மா பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு, ஸ்கூட்டரின் பின் மட்கார்டு உடைந்தது, சித்தப்பாவின் பின் பம்பர் உள்ளே போனது, டாக்ஸிக்கு முன் கிரில் போனது. அவ்வளவுதான். ஏர்பேக் கூட விரியவில்லை.

இந்த மாதிரி இடிகளைப் பற்றி நம்மிடம் பொதுவாக ஒரு எண்ணம் இருக்கிறது. ரோட்டோரமாகப் பத்து நிமிடம் சத்தம் போட்டுவிட்டு, யாராவது ஒருவர் பர்ஸைத் திறந்தால் முடிந்துபோகும் விஷயம் என்று. பம்பர் மட்டும் உரசியிருந்தால் அது பெரும்பாலும் சரிதான். ஆனால் ஒரு மனிதருக்கு ஒரு சிராய்ப்பு விழுந்துவிட்டால்கூட விஷயம் வேறு வகையாகிவிடுகிறது, அதுவும் அந்த இடத்திலேயே, நாம் கவனிக்கும் முன்பே. அதனால்தான் இந்த நிகழ்வை முழுதாக எழுதுகிறேன். சித்தப்பா அன்று போன் செய்தபோது முதலில் சொன்னது, "வண்டி அடிபட்டுடுச்சுடா, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்பதுதான். "அந்த ஸ்கூட்டர் அம்மாவுக்கு?" என்று கேட்டேன். "முட்டியில லேசா தோல் போயிருக்கு, அவங்களே ஒண்ணுமில்லேங்கறாங்க" என்றார். அந்த "ஒண்ணுமில்லே"யை மட்டும் நம்ப வேண்டாம் சித்தப்பா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் ஆள், அப்புறம்தான் வண்டி

விழுந்த அதிர்ச்சியில் வலி உடனே தெரியாது. எழுந்து நின்று புடவையைத் தட்டிவிட்டு "பரவாயில்லை சார்" என்று சொல்பவருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு முழங்கால் வீங்கும். இங்கேயும் அப்படித்தான் ஆனது. நல்லவேளையாக சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார், அப்புறம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். 108 வேண்டாம் என்று அவரே சொன்னார். தலையில் அடி, வாந்தி, மயக்கம், கழுத்தைத் திருப்ப முடியாத வலி இதில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் அவர் வேண்டாம் என்றாலும் 108ஐத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இது மனிதாபிமானம் மட்டுமில்லை, சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியின் ஓட்டுநர் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. யார் மேல் தப்பு என்ற கேள்வியே அங்கே இல்லை. கூட்டம் அடிக்க வருவது மாதிரி, ஓட்டுநரின் கையை மீறிய நிலைமை இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு உதவிக்கு வருகிறவர்களுக்கானது. அந்த டீக்கடைக்காரர் மாதிரி நல்ல எண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு வராது, சாட்சி சொல்ல வா என்று அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அவர் முதலில் கொஞ்சம் தயங்கித்தான் நின்றார். இது தெரிந்திருந்தால் தயங்கியிருக்கவே மாட்டார்.

ஆஸ்பத்திரியில் "ரோடு ஆக்ஸிடென்ட்" என்று சொல்லித்தான் காட்ட வேண்டும், வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால்தான் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பின்னால் காவல் நிலையம், இன்ஷூரன்ஸ், நீதிமன்றம் எங்கே போனாலும் காயத்துக்கு அதுதான் முதல் ஆதாரம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். அந்த அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் செலவுக்குப் பயந்து யாரும் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நகர்த்தும் முன் எடுத்த படங்கள்

ஏழு மணிக்கு நூறடி சாலையில் மூன்று வண்டி நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பின்னால் ஹாரன் கிழிக்கும், யாராவது ஒருவர் "ஓரமா எடுங்கப்பா" என்று கத்துவார். எடுக்கத்தான் வேண்டும், இன்னொரு வண்டி வந்து மோதாமல் இருக்க ஹசார்டு விளக்கையும் போட வேண்டும். ஆனால் நகர்த்துவதற்கு முன் ஒரு நிமிடம் படத்துக்கு. சித்தப்பா எடுத்த படங்களில் பாதி பம்பரின் குளோசப், அதனால் பெரிய பயன் இல்லை, பம்பரைத்தான் சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் நேரில் வந்து பார்க்கப் போகிறாரே. உதவியது மற்ற பாதிதான். கொஞ்சம் தள்ளி நின்று மூன்று வண்டியும் ஒரே சட்டத்தில் வருகிற மாதிரி ஒன்று, நிறுத்தக் கோடும் மெட்ரோ தூணும் தெரிகிற மாதிரி ஒன்று, உடைந்த துண்டுகள் ரோட்டில் எங்கே கிடந்தன என்று ஒன்று, டாக்ஸியின் நம்பர் பிளேட்டும் அதன் முன்பக்கமும் சேர்ந்து ஒன்று. கூடவே ஒரு சின்ன வீடியோவும்.

டாக்ஸி ஓட்டுநரின் லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டோம், நம்முடையதையும் அவரிடம் காட்டினோம். கொடுக்க மறுத்தால் சண்டை வேண்டாம், நம்பர் பிளேட் ஒன்று போதும். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ் எதுவரை செல்லும் என்று தெரிந்துவிடும். அவருடையது நடப்பில் இருந்தது. இல்லாமல் இருந்தால் அது 196ஆம் பிரிவில் தனிக் குற்றம், முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அதைவிடப் பெரிய தலைவலி, காயம்பட்டவருக்கு யார் பணம் தருவது என்பது.

"மூவாயிரம் வாங்கிக்கோங்க சார்"

டாக்ஸி ஓட்டுநர் மோசமான ஆள் இல்லை. இருபத்தைந்து வயதுதான் இருக்கும், வண்டி முதலாளியுடையது, பயந்துபோயிருந்தார். "சார், கைல ஒரு மூவாயிரம் வாங்கிக்கோங்க, டிங்கரிங் கடைல ஒரு தட்டு தட்டுனா சரியாயிடும், ஸ்டேஷன் கீஷன்லாம் வேணாம் சார்" என்றார். சித்தப்பாவுக்கும் மனசு இளகியது. அந்த அம்மாவுக்குத் தன் கையிலிருந்து இரண்டாயிரம் கொடுத்து, "என் காரால்தான் உங்களுக்கு அடிபட்டது, மன்னிச்சுக்கோங்க" என்று ஒரு பேப்பரில் எழுதிக்கூடக் கொடுத்துவிடலாம், பிரச்சினை வராது என்று நினைத்தார்.

வேண்டாம் என்று தடுத்ததற்குக் காரணம் கருமித்தனம் இல்லை. நம் ஊர்க் கார் பாலிசிகளின் நிபந்தனைகளில் இரண்டாவதாக ஒன்று இருக்கும், யாரும் படிப்பதில்லை: கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, தரவோ கூடாது. ஆட்டோ காசு, மருந்துச் செலவு, ஆறுதலாக நாலு வார்த்தை, இதையெல்லாம் எந்தக் கம்பெனியும் தப்பு சொல்லாது, செய்யத்தான் வேண்டும். ஆனால் "என்னால்தான்" என்று கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருந்தால், நாளைக்கு அந்த அம்மா நஷ்டஈடு கேட்கும்போது நம் கம்பெனி அதைக் காட்டியே ஒதுங்கப் பார்க்கும். அதே மாதிரி அந்த மூவாயிரத்தை வாங்கிக்கொண்டு "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதிக்கொடுத்தால், பம்பருக்கு உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று தெரியும் முன்பே கணக்கை மூடியதாகிவிடும். காயமே இல்லை, வெறும் கீறல் மட்டும் என்றால் கையில் வாங்கிக்கொண்டு போவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு இடியா, இரண்டு இடியா

அரை மணி நேரத்தில் டாக்ஸி முதலாளி போனில் வந்தார், அதோடு கதை மாறியது. "முன்னாடி அவரே ஸ்கூட்டரை இடிச்சுட்டு சடன் பிரேக் போட்டாராம், அதனாலதான் எங்க பையன் மோதிட்டான்" என்றார். இந்த வகை விபத்தில் இதுதான் மையமான கேள்வி. கார் முதலில் தானாக ஸ்கூட்டரை இடித்திருந்தால் அந்த அம்மாவின் காயத்துக்கு சித்தப்பா பொறுப்பு. டாக்ஸி தள்ளியதால் போய் முட்டியிருந்தால் டாக்ஸி பொறுப்பு. இரண்டிலும் கடைசியில் வண்டிகள் நிற்கும் நிலை ஒன்றேதான், படத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தெரிவது முன்னால் இருந்தவரின் முதுகுக்குத்தான். கார் முதலில் தானாக இடித்து, அப்புறம் டாக்ஸி வந்து மோதியிருந்தால் ஸ்கூட்டரில் இருந்தவர் இரண்டு தடவை இடியை உணர்ந்திருப்பார். தள்ளப்பட்டிருந்தால் ஒரே தடவை. ஆட்டோவில் ஏறும் முன் அந்த அம்மாவிடம் கேட்டேன், நான் எதையும் சொல்லிக்கொடுக்காமல், "அக்கா, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும். "நின்னுட்டு இருந்தேன் தம்பி, பின்னாடி டமார்னு சத்தம், அதோட நான் கீழே கிடந்தேன், ஒரே இடிதான்" என்றார். சத்தம் முதலில், இடி அதற்குப் பிறகு. டீக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். சேதமும் அதற்குப் பொருந்தியது: காரின் பின்பக்கம் நன்றாக உள்வாங்கியிருந்தது, முன் பம்பரில் ஸ்கூட்டரின் மட்கார்டு பெயின்ட் ஒட்டியதும் ஒரு சின்னக் கீறலும்தான். ஓடுகிற வேகத்தில் தானாக இடித்திருந்தால் முன்பக்கம் இவ்வளவு லேசாகத் தப்பியிருக்காது.

இது எல்லாவற்றையும் அன்று இரவே, நினைவு புதிதாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதினோம். நேரம், இடம், எந்தத் தடம், சிக்னல் எந்த நிறம், யார் நின்றுகொண்டிருந்தார்கள், யார் வந்துகொண்டிருந்தார்கள், இடி எந்த வரிசையில் என்று. அந்த ஒரு பக்கத்தைத்தான் அப்புறம் போலீஸ் புகாராகவும், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் படிவத்தில் விபத்து விவரமாகவும் எழுதினோம். மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதுவதுதான் உண்மையான க்ளெய்மைக்கூடக் கெடுக்கும்.

ஸ்டேஷன்

காயம் இருந்தால் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அந்த இடத்தில் போலீஸ் இல்லாவிட்டால் பக்கத்து நிலையத்தில் முடிந்த அளவு சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள். அதுவும் 134ஆம் பிரிவுதான். சொல்லாமல் விட்டால் 187ஆம் பிரிவில் தண்டனை உண்டு. சென்னையில் விபத்து வழக்குகளைப் பார்ப்பது போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு, சட்டம் ஒழுங்கு நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் அங்கே அனுப்பிவிடுவார்கள். அன்று இரவே போய் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் அந்த அம்மாவின் கணவர் போன் செய்தார். முழங்கால் வீங்கியிருக்கிறது, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, தசைநார் இழுத்திருக்கிறது, சில வாரம் நடக்க முடியாது. கோபமாகத்தான் பேசினார். இருபத்தைந்தாயிரம் கொடுங்கள், இல்லையென்றால் கேஸ் போடுவேன் என்றார். அவர் நிலையில் யாராக இருந்தாலும் கோபம் வரும், அந்த அம்மா வேலைக்குப் போகிறவர், சம்பளம் நிற்கும். சித்தப்பா பதறாமல், "கேஸ் போடுங்க தம்பி, நாங்களே நேத்து ராத்திரி புகார் கொடுத்திருக்கோம், சி.எஸ்.ஆர். நம்பர் அனுப்பறேன், டாக்ஸியோட இன்ஷூரன்ஸ் விவரமும் அனுப்பறேன், உங்களுக்கு அதுதான் உதவும்" என்றார். அத்தோடு அவர் குரல் மாறிவிட்டது. ஓடி ஒளிகிற ஆள் இல்லை என்று தெரிந்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடுகிறது.

ஏ.ஆர். காப்பி வந்ததும் டாக்ஸி ஓட்டுநர் மேல், கவனக்குறைவாக வண்டி ஓட்டியது, அதனால் காயம் ஏற்படுத்தியது என்ற பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதிவானது. இந்தப் பிரிவுகள் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279, 337 என்று இருந்தன, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125 என்று மாறிவிட்டன. எஃப்.ஐ.ஆர். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: சம்பந்தப்பட்ட வண்டிகளை மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது எல்லோரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்பவர், பார்த்துச் சான்று கொடுக்கும்வரை ரிப்பேர் செய்யக் கூடாது. அவசரப்பட்டு டிங்கரிங் முடித்துவிட்டால் சேதம் பற்றிய ஆதாரமே போய்விடும்.

க்ளெய்ம் போடுவதா, கைக்காசா

இங்கேதான் எல்லோரும் கணக்குப் போடாமல் முடிவெடுக்கிறார்கள். ஒரு சாரார் எதற்கெடுத்தாலும் க்ளெய்ம், இன்னொரு சாரார் "போனஸ் போயிடும்" என்று எதற்கும் போடுவதில்லை. சித்தப்பா இரண்டாவது வகை. ஆனால் கம்பெனிக்குத் தகவல் சொல்வது வேறு, பணம் வாங்குவது வேறு. மூன்றாம் நபருக்குக் காயம் இருப்பதால் தகவல் சொல்லியே ஆக வேண்டும், அதை அன்று இரவே எழுத்தில் அனுப்பிவிட்டோம். சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்பதா என்பதைப் பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று வைத்துக்கொண்டோம்.

வெளியிலிருந்து பார்த்து தெருமுனை டிங்கரிங் கடைக்காரர் சொன்னது ஒன்பதாயிரம். சர்வீஸ் சென்டரில் பம்பரைக் கழற்றியதும் பின் பேனல் மடங்கியிருப்பதும் டிக்கிக் கதவின் உள்சட்டம் வளைந்திருப்பதும் தெரிந்தது. எஸ்டிமேட் வரி சேர்த்து 32,600: பின் பம்பர் 4,200, டெயில் லேம்ப் 3,400, டிக்கிக் கதவு 11,000, டிங்கரிங் கூலி 6,000, பெயின்ட் 8,000.

வண்டிக்கு நாலரை வயது, தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டு பம்பர் பாலிசி இல்லை, அதனால் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி. உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, நாலிலிருந்து ஐந்து வயதுக்கு 35 சதவீதம். கண்ணாடிக்குக் கிடையாது, கூலிக்கும் கிடையாது. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். ஆக பம்பருக்கு 2,100, லேம்புக்கு 1,700, டிக்கிக் கதவுக்கு 7,150, கூலி முழுசாக 6,000, பெயின்டுக்கு 7,000. கூட்டினால் 23,950. 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 போக 22,950 கம்பெனி தரும், மீதி 9,650 நம் கையிலிருந்து.

இனி போனஸ். க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ க்ளெய்ம் போனஸ். அது சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டும்தான், பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு இல்லை. வருடா வருடம் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். சித்தப்பா 45இல் இருந்தார், அடுத்த வருடம் 50 கிடைத்திருக்கும். க்ளெய்ம் வாங்கினால் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். அந்த ஐந்து வருட இழப்பைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5, மொத்தம் 125 சதவீதம். அவருடைய சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 9,000 என்று வைத்தால் இழப்பு 11,250, வண்டி பழசாகப் பழசாக பிரீமியம் குறையும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறைவு. 22,950 கிடைத்து 11,250 போகிறது என்றால் க்ளெய்ம் போடுவதுதான் சரி. வெறும் பம்பரோடு ஒன்பதாயிரத்தில் முடிந்திருந்தால் கைக்காசுதான் சரி.

சர்வேயர் டிக்கிக் கதவை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை, தட்டி நிமிர்த்தினால் போதும் என்றார். கழற்றும்போது எடுத்த படங்களில் உள்சட்டம் வளைந்திருப்பதையும், கதவை மூடினால் ஒரு பக்கம் இடைவெளி விழுவதையும் காட்டி, மெக்கானிக்கையும் வைத்துக்கொண்டு நேரில் பேசியதும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாவிட்டால் சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். இன்னொன்று, கதவில் ஏற்கனவே இருந்த பழைய கீறலையும் இதில் சேர்த்துவிடலாம் என்று கடையில் ஆசை காட்டினார்கள். சித்தப்பா மறுத்துவிட்டார், சரியாகத்தான் செய்தார். இந்த விபத்தில் வராத சேதத்தைச் சேர்த்தால் உண்மையான க்ளெய்மும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

தப்பு டாக்ஸி மேல், ஏன் சித்தப்பாவின் பாலிசியிலிருந்து பணம் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. டாக்ஸியின் தேர்டு பார்ட்டி பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை பொதுவாகப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதை வாங்க மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், பம்பர் காசுக்காக வருடக்கணக்கில் நடக்க யாரும் தயாரில்லை. அந்த அம்மாவின் விஷயம் அப்படி இல்லை. மருத்துவச் செலவு, நின்ற சம்பளம், வலி எல்லாவற்றுக்கும் 166ஆம் பிரிவில் அவர் மனு போடலாம், போட வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்று இப்போது சட்டத்தில் இருப்பதையும் அவர் கணவரிடம் சொன்னோம். மனுவில் சித்தப்பாவின் கம்பெனியையும் ஒரு எதிர்தரப்பாகச் சேர்ப்பார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதற்குத்தான் முதல் நாளே காய விவரத்தையும் சேர்த்து எழுதியிருந்தோம்.

வண்டியை எடுக்கும்போது டிக்கியைப் பலமுறை மூடித் திறந்து பார்த்து, வெயிலில் நிறுத்திப் பெயின்ட் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே திருப்திச் சீட்டில் கையெழுத்துப் போட்டார் சித்தப்பா. புதுப்பிக்கும் நேரம் வந்தபோது வேறு கம்பெனி ஏஜென்ட் ஒருவர் 50 சதவீத போனஸோடு குறைந்த பிரீமியம் சொன்னார், க்ளெய்ம் வாங்கியதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். பழைய கம்பெனியிடம் கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் அடுத்த க்ளெய்மில் கையை விரித்துவிடுவார்கள். அதனால் போனஸ் பூஜ்யம் என்று ஒழுங்காகப் போட்டு, அதோடு பம்பர் டு பம்பரையும் சேர்த்துப் புதுப்பித்தோம், ஐந்து வயது தாண்டினால் பல கம்பெனிகள் அதைக் கொடுப்பதில்லை.